வானில் ஒரு வாட்: ஹாம்சாட்டை மறக்காதவர்கள்

2014ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி ஹாம்சாட் என்ற துணைக்கோளத்தின் சேவை முடிவுக்கு வந்தது. அதன் எடை 42.5 கிலோகிராம். இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவரின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வெடிக்கவில்லை, எங்கும் விழவில்லை. பூமிக்கு மேலே 600 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில், அதே பாதையில் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டது. அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவி. எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் வழக்கமான நேரத்தில் வானொலிப் பெட்டியைத் திறந்து, இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டு மூடியவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். அவர்கள் ஹாம் வானொலியாளர்கள்.

ஹாம் வானொலி என்றதும் நம் பக்கம் பலர், மின்னல் எஃப்எம் போல ஒன்றா என்று கேட்கிறார்கள். இல்லை. இதில் பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, நேயர்களும் கிடையாது. தேர்வு எழுதி உரிமம் பெற்ற தனிமனிதர்கள், சொந்தக் கருவியைக் கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதுதான் இது. நடுவில் தொலைபேசி நிறுவனம் இல்லை, இணையமும் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. தீபகற்ப மலேசியா என்றால் 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும். சிங்கப்பூருக்கு 9வி1, இந்தியாவுக்கு வியூ2, இலங்கைக்கு 4எஸ்7. 2007 அக்டோபரில் டாக்டர் ஷேக் முஸாஃபர் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து மலேசிய மாணவர்களோடு பேசியதும் இந்த வானொலி வழியாகத்தான்.

இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு விண்வெளி புதிதல்ல. ஸ்புட்னிக் ஏவப்பட்டு நான்கே ஆண்டுகளில், 1961 டிசம்பர் 12ஆம் தேதி, கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹாம்கள் கட்டிய ஆஸ்கார் 1 விண்ணுக்குப் போனது. 22 நாள் உயிரோடிருந்த அது திரும்பத் திரும்ப ஒரே சொல்லை மோர்ஸ் குறியில் அனுப்பியது: நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி. அதாவது 'ஹாய்'. மோர்ஸில் பேசும் ஹாம்களிடையே அது சிரிப்புக்கும் அடையாளம். ஹாம்களின் முதல் துணைக்கோளம் விண்வெளியிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தது என்று சொன்னாலும் தவறில்லை.

ஹாம்சாட்டின் கதை 2005 மே 5ஆம் தேதி தொடங்குகிறது. சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் புதிதாகக் கட்டிய இரண்டாம் ஏவுதளத்திலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் பிஎஸ்எல்வி-சி6. அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நேரில் வந்திருந்தார். ராக்கெட்டின் முக்கியப் பயணி 1,560 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-1. அதோடு ஒட்டிக்கொண்டு போன சின்னத் தம்பிதான் ஹாம்சாட். பாதையில் சேர்ந்த பிறகு அதற்கு வியூசாட்-ஆஸ்கார்-52 என்ற பெயரும் கிடைத்தது. ஹாம்கள் சுருக்கமாக வி.ஓ.-52 என்பார்கள்.

அது ஏவப்பட்ட காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பினாங்கிலும் கெடாவின் கோலமூடாவிலும் நாமும் உயிர்களை இழந்தோம். அந்தமானில் தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம் தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தார். உலக ஹாம்களோடு பேசிப் பார்க்கத் தன் குழுவுடன் அங்கே போயிருந்தவர், அந்தக் கருவிகளையே கொண்டு தீவுக்கும் நிலப்பகுதிக்கும் செய்தி கடத்தினார். ஹாம்சாட் அந்தப் பேரிடருக்காகக் கட்டப்பட்டதல்ல, அதற்கு முன்பே திட்டமிடப்பட்டது. ஆனால் அது மேலே போனபோது, இதெல்லாம் வேலையற்றவர்களின் விளையாட்டு என்று இந்தியாவில் யாரும் எளிதில் சொல்லிவிட முடியாத நிலை இருந்தது.

மாணவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறொன்று. ஹாம்சாட்டுக்குள் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. டிரான்ஸ்பாண்டர் என்றால், கீழிருந்து வரும் குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி வேறோர் அலைவரிசையில் கீழே அனுப்பும் கருவி. ஒன்றை இந்தியர்கள் செய்தார்கள். மற்றொன்றைச் செய்தவர் வில்லியம் லெய்யெனார். நெதர்லாந்தின் வென்லோ நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர், அவரும் ஒரு ஹாம். எங்கள் துறையில் மாணவர்கள் செய்யும் கருவிகள் படைப்பு முடிந்த மறுநாளே அலமாரிக்குப் போய்விடும். அவர் செய்தது பூமியைச் சுற்றியது!

சரி, இந்தத் துணைக்கோளம் வழியாக எப்படிப் பேசுவார்கள்?

அது ஏறத்தாழ 97 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிவந்தது. ஆகவே நம் தலைக்கு மேல் நிற்காது. ஒரு பக்கத் தொடுவானத்தில் எழுந்து மறுபக்கம் இறங்கும். அதிகம் போனால் 13 நிமிடம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் அது பார்க்கும் நிலப்பரப்பு மிகப் பெரியது, குறுக்கே 5,000 கிலோமீட்டருக்கும் அதிகம். வங்காள விரிகுடாவின் நடுவே அது போகும்போது ஈப்போவும் திருச்சியும் ஒரே நேரத்தில் அதன் கண்ணில் படும்.

பேசுகிறவர் 435 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் மேலே அனுப்ப வேண்டும், 145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் கீழே கேட்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால், பேசும்போதே அவருடைய குரல் விண்வெளிக்குப் போய் அவர் காதுக்கே திரும்பி வரும். முதல் வேலையே அந்தக் குரலைத் தேடிப் பிடிப்பதுதான். அதுவும் ஓரிடத்தில் நிற்காது. நம்மைக் கடந்து போகும் ஆம்புலன்ஸின் ஒலி மாறுவதுபோல, நொடிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகும் துணைக்கோளத்தின் அலைவரிசையும் மாறிக்கொண்டே இருக்கும். டாப்ளர் விளைவு என்று ஒருமுறை காதில் விழுந்திருக்கும். இவர்கள் அதை விரல் நுனியால் பிடித்தார்கள். குமிழைத் திருப்பத் திருப்ப, வாத்துபோல் கத்திக்கொண்டிருந்த ஒலி மெல்ல மனிதக் குரலாக மாறும்.

இன்னொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. அந்த டிரான்ஸ்பாண்டரின் மொத்த ஆற்றல் ஒரு வாட். அறையில் இரவு விளக்குக்குக்கூட அதைவிட அதிகம் செலவாகலாம். அந்த ஒரு வாட்டைத்தான் ஒரே நேரத்தில் பேசும் அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் தன் கருவியின் வலிமையைக் கூட்டிக் கத்தினால் மற்றவர்களின் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். கண்காணிக்க அதிகாரி யாரும் இல்லை. கேட்கும் அளவுக்கு மட்டும் பேசு, அதற்குமேல் வேண்டாம் என்பதை ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுத்துக் காப்பாற்றிவந்தார்கள்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் என் அப்பாவின் நண்பர். பேராக்கில், சித்தியவானுக்கு அருகில் இருக்கிறார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரையும் அழைப்புக்குறியையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அழைப்புக்குறி தெரிந்தால் வீட்டு முகவரிவரை கண்டுபிடித்துவிடலாமாம். நான் அவரை அங்கிள் என்றும் அவர் மனைவியை ஆன்ட்டி என்றும் கூப்பிடுவதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அங்கிளிடம் நீளமான பதிவேடுகள் இருக்கின்றன, பள்ளியில் வருகைப் பதிவுக்கு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஒவ்வொரு வரியிலும் தேதி, அனைத்துலக நேரம், எதிர்முனையின் அழைப்புக்குறி, இடத்தின் கட்டக் குறி, ஒலித் தரம். கட்டக் குறி என்பது உலக வரைபடத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து வைத்த பெயர்: கோலாலம்பூர் ஓஜே03, சிங்கப்பூர் ஓஜே11, சென்னை என்கே03. ஒலித் தரத்துக்கு ஏறக்குறைய எல்லா வரியிலும் 59 என்றே இருந்தது. தெளிவாகவும் வலுவாகவும் கேட்கிறது என்று பொருள். எல்லாருமே அவ்வளவு தெளிவாகவா கேட்டார்கள் என்று கேட்டேன். மரியாதைக்குக் கொடுப்பதுதான் என்று சிரித்தார்.

வேலையில் பாதி ஆன்ட்டியுடையது. அலுமினியக் குழாய்களையும் மரக்கட்டையையும் கொண்டு அங்கிள் செய்த அலைவாங்கியைப் பிடித்துக்கொண்டு, வானில் துணைக்கோளம் நகர நகர அவர்தான் திருப்புவார். அங்கிளுக்கு இரண்டு கையும் இரண்டு பெட்டியில் மாட்டிக்கொண்டிருக்கும். தொடக்க ஆண்டுகளில் வங்காள விரிகுடாப் பக்கம் ஹாம்சாட் வரும் நேரம் நமக்கு நண்பகலை ஒட்டியோ நள்ளிரவை ஒட்டியோ அமையும். நள்ளிரவில் கணவனும் மனைவியும் வாசலில் நின்று கம்பியை வானத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

அங்கிளுக்கு எண்கள் நினைவிருக்கின்றன. ஆன்ட்டிக்குக் குரல்கள். ஜப்பானியர் ஒருவர் ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவாராம், மாடிப்படி ஏறி வந்தவர்போல. ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கமிருந்து வந்த ஒரு குரலுக்குப் பின்னால் எப்போதும் நாய் குரைக்குமாம். பதிவேட்டில் நாய்க்குக் கட்டம் இல்லை.

அந்தப் பக்கங்களில் ஓர் அழைப்புக்குறி மட்டும் அடிக்கடி வந்தது. தமிழ்நாட்டு ஹாம் ஒருவருடையது. முதல் முறை வழக்கம்போல ஆங்கிலத்தில் எண்களைப் பரிமாறிக்கொண்டார்கள். இரண்டாம் முறை அங்கிள் துணிந்து வணக்கம் என்றார். அந்தப் பக்கமிருந்தும் வணக்கம் வந்தது. அதன் பிறகு எண்களைச் சொல்லி முடித்த கையோடு சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஓரிரு வாக்கியம். அவ்வளவுதான். மற்றவர்கள் காத்திருப்பார்கள், இடம் விட வேண்டும். ஒரு பேச்சு ஒரு நிமிடத்தைத் தாண்டியதில்லை என்றார். நாங்கள் மூவரும் உட்கார்ந்து வரிகளை எண்ணினோம். ஆறு ஆண்டுகளில் 37 முறை. எல்லாவற்றையும் கூட்டினால் முக்கால் மணி நேரம்கூட வரவில்லை. ஒரு பாடவேளைக்குக் கொஞ்சம் அதிகம்.

2014 ஜூலைக்குப் பிறகு அந்த அழைப்புக்குறி பதிவேட்டில் இல்லை.

ஏன் தேடவில்லை என்று கேட்டேன். முகநூலில் தேடியிருக்கலாம், கடிதம் போட்டிருக்கலாம். கடிதத்தில் எழுதுவதற்கு எங்களுக்குள் என்ன இருந்தது என்று அங்கிள் திருப்பிக் கேட்டார். ஆன்ட்டிக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு மனிதர் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் காரணம் வேண்டுமா என்பது அவர் கட்சி. நானும் ஆன்ட்டி பக்கம்தான். பேருந்தில் பார்த்தவரின் இன்ஸ்டகிராம் கணக்கை இறங்குவதற்குள் கண்டுபிடிக்கும் தலைமுறை நாம். அதே நேரத்தில், என் கைப்பேசியில் இருக்கும் நூற்றுக்கணக்கான தொடர்பு எண்களில் யாருடைய குரலாவது, ஆன்ட்டிக்கு அந்தத் தமிழ்நாட்டுக்காரரின் குரல் நினைவிருக்கும் அளவுக்கு எனக்கு நினைவிருக்குமா என்று யோசித்தேன். அம்மாவுடையதைத் தவிர ஒன்றும் உறுதியாகத் தோன்றவில்லை.

ஹாம்சாட் ஏன் ஊமையானது என்பதற்கு விடை எளிது: பேட்டரி. ஒவ்வொரு சுற்றிலும் துணைக்கோளம் பூமியின் நிழலுக்குள் போய் வரும். வெயிலில் இருக்கும்போது சூரியத் தகடுகள் பேட்டரியை நிரப்பும், நிழலில் பேட்டரி செலவாகும். நாளுக்கு ஏறத்தாழ 15 சுற்று. ஒன்பது ஆண்டு இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 50,000 முறையை நெருங்கும். தினமும் ஒரு முறை மின்னூட்டும் கைப்பேசி அந்த எண்ணை எட்ட 130 ஆண்டுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் பேட்டரி கொஞ்சம்தான் செலவானது என்பதால் இவ்வளவு காலம் தாங்கியது. கடைசியில் லித்தியம் அயனிக் கலங்கள் ஓய்ந்துபோயின. மேலே போய் மாற்றிவர யாராலும் முடியாது.

ஹாம்கள் இழந்த துணைக்கோளங்கள் இன்னும் பல. ஏ.ஓ.-13 என்பது 1988 ஜூனில் போனது. சூரியன், நிலா ஆகியவற்றின் ஈர்ப்பு அதன் பாதையைச் சிறிது சிறிதாகக் கெடுத்துவிடும், காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்துவிடும் என்று சில ஆண்டு முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். அப்படியே 1996 டிசம்பரில் எரிந்தது. அதாவது, விடைபெறும் மாதம் முன்கூட்டியே தெரிந்த நண்பன். ஏ.ஓ.-40-க்கு அந்தச் சலுகை இல்லை. 2000 நவம்பரில் போன அது, டிசம்பர் 13ஆம் தேதி இயந்திரத்தை இயக்கும் முயற்சியின்போது சேதமடைந்து அமைதியானது. கிறிஸ்துமஸ் நாளில் கட்டளை ஒன்றுக்குப் பதில் கொடுத்து மீண்டு வந்தது. 50,000 கிலோமீட்டருக்கும் அப்பால்வரை போய்வந்ததால் அதில் பேச நிமிடங்கள் அல்ல, மணிக்கணக்கில் நேரம் கிடைத்தது. அதுவும் 2004 ஜனவரி இறுதியில் பேட்டரி கெட்டு மௌனமானது. அங்கிள் அதற்கு ஒரு தட்டு அலைவாங்கி தயாரித்துக்கொண்டிருந்தார். தட்டு முடியவில்லை, துணைக்கோளம் முடிந்துவிட்டது. அந்தத் தட்டில் இப்போது ஆன்ட்டி மிளகாய் காயவைக்கிறார்.

ஆனால் ஏ.ஓ.-7 என்று ஒன்று உண்டு. 1974 நவம்பர் 15ஆம் தேதி ஏவப்பட்டு, 1981-இல் பேட்டரியில் குறுக்குச்சுற்று ஏற்பட்டு இறந்துபோனது. 21 ஆண்டு கழித்து, 2002 ஜூன் 21ஆம் தேதி, அதன் ஒலி மீண்டும் கேட்டது. செத்த பேட்டரி கம்பி அறுந்ததுபோல் திறந்துகொண்டதால், சூரியத் தகடுகளின் மின்சாரம் நேராகக் கருவிக்குப் பாயத் தொடங்கியிருக்கிறது. வெயில் பட்டால் விழிக்கும், நிழலில் தூங்கும். 2024-இல் 50 வயது முடிந்தபோதும் அது பேசிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஹாம்கள் ஒரு துணைக்கோளத்தை இறந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லத் தயங்குகிறார்கள். ஹாம்சாட்டும் அப்படித் திரும்புமா என்று கேட்டதற்கு அங்கிள் தோளைக் குலுக்கினார். நம்பிக்கை வைப்பதற்கு இது காரணமாகாது. எந்தப் பேட்டரி எப்படிக் கெடும் என்பது வெறும் தற்செயல்.

நம் வட்டாரத்துக்கென்றே ஒன்று 2015 செப்டம்பர் 28ஆம் தேதி போனது. இந்தோனேசியாவின் லாப்பான்-ஏ2, ஹாம்களுக்கு ஐ.ஓ.-86. அதுவும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்பியது. நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றுவதால், ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை மலேசியாவையும் சிங்கப்பூரையும் கடக்கும் பாதை அதனுடையது. கையடக்க வாக்கி-டாக்கியும் சின்ன அலைவாங்கியும் போதும். ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். எல்லாரும் முண்டியடிப்பதால் பாசார் மாலாம்போல் இருக்கிறது என்பது அங்கிளின் குறை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

உரிமம் பெற மலேசியாவில் தொடர்பு, பல்லூடக ஆணையமும் சிங்கப்பூரில் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையமும் ஆர்.ஏ.இ. எனும் தேர்வை நடத்துகின்றன. விதிமுறைகள், அடிப்படை மின்னியல், அலைகள் எப்படிப் பயணிக்கின்றன என்பவைதான் பாடம். எஸ்.பி.எம். இயற்பியலை ஒழுங்காகப் படித்தவருக்குப் பாதி தெரிந்ததாகவே இருக்கும். நான் விண்ணப்பம் நிரப்பிவிட்டேன். எங்கள் வகுப்பில் 40 பேரிடம் சொன்னேன், இருவர் சேர்ந்திருக்கிறார்கள்.

ஹாம்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பேசியதற்குச் சான்றாக அஞ்சலட்டை அனுப்பிக்கொள்வார்கள், அதற்கு கியூ.எஸ்.எல். அட்டை என்று பெயர். நேராக அனுப்பினால் அஞ்சல் செலவு அதிகம் என்பதால், பெரும்பாலும் சங்கங்கள் கட்டுக் கட்டாகச் சேர்த்து அடுத்த நாட்டுச் சங்கத்துக்கு அனுப்பும். அங்கிளின் பதிவேட்டில் அந்தத் தமிழ்நாட்டு அழைப்புக்குறியின் கடைசி வரி 2014 ஜூனில் இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு அட்டை போகவில்லை. நான் போனதற்கு அடுத்த வாரம் ஆன்ட்டி எனக்குப் புலனத்தில் ஒரு படம் அனுப்பினார். அங்கிளின் கையெழுத்தில் நிரப்பிய அட்டை: தேதி, நேரம், அலைவரிசை, வி.ஓ.-52, 59. குறிப்புக்கான இடத்தில், சாப்பிட்டாச்சா என்று தமிழில் எழுதியிருந்தார். சங்கம் வழியாகப் போய்ச் சேர இரண்டு ஆண்டுகூட ஆகலாமாம்.